வலப்பக்கக் கன்றுகள்

மே 18, ஞாயிறு

பழைய நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் மிச்சம் இருக்கிறது. ஆனால் கோடு சரியில்லை. நடுவில் இருக்கிறது, ஓரத்துக்குப் போனால் காணோம். இந்தக் காலத்தில் எவன் ஒழுங்காக ரூல் அடிக்கிறான்? கடைக்காரனோடு சண்டை போட்டு, கோடு பட்டையாக உள்ள நோட்டாக வாங்கி வந்தேன்.

நேற்று கண்ணாடி மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பாதி நேரம் புள்ளியே போடவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா, தூங்கிட்டீங்களா?" என்றாள் அந்தப் பெண். உங்கள் மிஷின் பழுது என்றேன். அவள் சிரிக்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அப்புறம் டாக்டர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அழுத்தம், நரம்பு, ஓரப் பார்வை என்று ஆரம்பித்தார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். இவர் மட்டும் உள்ளே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அப்படி என்ன பேச்சோ.

முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள் நான். இன்றைய பேப்பரில் மட்டும் ஏழு பிழை கண்டுபிடித்தேன். எனக்கா கண் தெரியவில்லை?

வெண்டைக்காய் எல்லாம் முற்றல். அதைக் கண்டுபிடிக்கப் பெட்டி வேண்டியதில்லை.

மே 21, புதன்

ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் குழியில் ஒரு சின்னக் குப்பி. யார் வைத்தது, எதற்கு என்று நான் கேட்கவில்லை. எடுத்துப் புளி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி முட்டைக் குழியில் இருக்கிறது.

பற்பசைக் குழாயின் பின்புறம்கூடப் படிப்பவள் நான். இந்த லேபிளை மட்டும் படிக்கவில்லை. தேவையில்லை.

மே 25, ஞாயிறு

இவருக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

சென்னியப்பன் என்ற என் கணவர் அதே அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்தவர். மை, கிரீஸ், இரும்பு இவை தவிர வேறு எதையும் கையால் தொட்டதில்லை. கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் ஒரு செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. இன்று காலை நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் பின்பக்கத்தில் இருந்த என் ரோஜாச் செடிகள் ஒன்பதையும் வேரோடு பிடுங்கிச் சுவரோரம் போட்டிருக்கிறார். முள் குத்தி இரண்டு கையிலும் ரத்தம்.

"என்னங்க பண்றீங்க? பைத்தியம் புடிச்சிருக்கா?"

"புல்லு வெக்கலாம்னு இருக்கறன்."

"புல்லா? மாடு வாங்கப் போறீங்களா?"

"அழகுப் புல்லு, வடிவு. இப்பல்லாம் பெரிய பெரிய பங்களாவுல அதத்தான் வெக்கறாங்க. நெம்ப நல்லாருக்கும்."

மெய்ப்புப் பார்ப்பவளிடம் பொய் சொல்லக் கூடாது. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கதவுக்கு நாலு படி, படியிலிருந்து துணிக்கொடி, கொடியிலிருந்து திரும்பினால் குழாய், அதற்கப்புறம் தரையோடு தரையாகத் தண்ணீர்த் தொட்டி. இதற்குள் பங்களாவாம்.

போன மாதம் அந்தத் தொட்டி விளிம்பில் நான் தடுக்கி விழுந்தேன். யாரோ மூடியை நகர்த்தி வைத்திருந்தார்கள். இவர்தான். ஒத்துக்கொள்ளமாட்டார்.

ரோஜாவுக்காக மத்தியானம் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. சாம்பார் வீணாயிற்று.

ஜூன் 1, ஞாயிறு

நர்சரிக்கு என்னையும் கூட்டிப் போனார். மருதமலைச் சாலையில் இருக்கிறது. போர்டில் 'பூசெடிகள்' என்று எழுதியிருந்தது. நடுவில் ஒரு 'ச்' போட இவர்களுக்கு என்ன கேடு?

நடத்துகிறவள் பெயர் மரகதம். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். "வாங்ணா, வாங்க்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அவரை அண்ணா என்கிறாள், என்னை அக்கா என்கிறாள். அப்படியானால் எனக்கும் அவருக்கும் என்ன உறவு ஆகிறது? யோசித்துப் பேசுகிற ரகம் இல்லை. அதோடு, முதல்முறை பார்ப்பவர்கள் மாதிரி இவர்கள் பேசிக்கொள்ளவில்லை. "அன்னிக்குச் சொன்னீங்கல்லங்ணா, அது வந்திருக்குது" என்கிறாள். அன்றைக்கு என்றால் என்றைக்கு?

புல்லில் இத்தனை வகை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆளுயரத்துக்கு வெள்ளை வெளேரென்று கொண்டை போட்ட ஒன்று இருந்தது. பாம்பாஸ் என்றாள். ராஜா வீட்டு விசிறி மாதிரி இருந்தது. இதைத்தான் வாங்க வேண்டும் என்றேன்.

"அது வேண்டாம். எல ஓரம் கைய அறுத்துப்போடும்" என்றார் இவர்.

வெள்ளை வரி போட்ட குட்டைப் புல் ஒன்று, பார்க்கவே லட்சணமாக இருந்தது. சரி, இது?

அவர் அதைத் தடவினார். குனிந்து முகர்ந்தார். பையை ஆட்டிக் காதருகே கொண்டுபோனார். "பாக்கறதுக்கு நல்லாருக்குது. வேற என்ன இருக்குது இதுல?" என்று வைத்துவிட்டார்.

அழகுப் புல் வாங்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? பார்க்கத்தானே அழகு?

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தவை: எலுமிச்சைப்புல், கசக்கினால் டீக்கடை வாசனை. நரிவால் என்று மரகதம் சொன்ன ஊதாப் புல், வால் வாலாகத் தொங்குகிறது, தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கிறது. அப்புறம் நாணல். ஆற்றங்கரையில் சும்மா கிடைப்பதைப் பையில் போட்டு விற்கிறாள், இவரும் வாங்குகிறார். வெட்டிவேர் வேறு. தர்ப்பை ஒன்றுதான் குறை. அதையும் வாங்கினால் என் காரியத்துக்கு ஆகும் என்றேன். மரகதம் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை, முகம் வெளுத்துப்போயிற்று.

ஜூன் 4, புதன்

ஒன்று எழுத வேண்டும் என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மாயவரத்துப் பக்கம். கோயம்புத்தூர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மிஷின் அறையிலிருந்து இவர் "அந்த புரூபை இக்கட்ட கொண்டா கண்ணு" என்றார். "யாருக்கு யார் கண்ணு?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். இந்த ஊரில் நாய்க்குட்டி முதல் மாமியார் வரை எல்லாரும் கண்ணுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வருஷம் கழித்து அவரையே கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கண்ணு, காப்பி. கண்ணு, துண்டு எங்கே. சண்டை போட்டாலும் "ஏங்கண்ணு இப்படிப் பண்றே" என்றுதான்.

இப்போது வடிவு என்கிறார். வடிவு வடிவு வடிவு. நான் எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு நாளாகக் கண்ணு என்ற சொல் இந்த வீட்டில் இல்லை.

ஒரு சொல் ஓரிடத்தில் விட்டுப்போனால் இன்னோரிடத்தில் கூடுதலாக வந்திருக்கும். மெய்ப்பில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

எங்கே வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு துண்டுச்சீட்டு. அவர் கையெழுத்து.

'படி: மணம் 6. திருப்பம்: மெத்து 8. தொட்டி: சத்தம் 12, மறிக்க வேர் 10.'

மணமா? அறுபத்தெட்டு வயதில் மணமா? அதுவும் ஆறு!

இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் யோசித்தேன், வாசனையைச் சொல்கிறார். சரி. ஆனால் புல்லின் பெயரை எழுதாமல் மணம், மெத்து, சத்தம் என்று யாராவது எழுதுவார்களா? யாருக்குப் புரியக் கூடாது என்று இந்தச் சங்கேதம்? வீட்டில் அவரை விட்டால் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தாமல் வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இவர் பூனை மாதிரி நடக்கப் பழகியிருக்கிறார். பக்கத்தில் வந்து நிற்பதே தெரிவதில்லை. திடீரென்று தோள் அருகே ஆள். கேட்டால் "அப்பவே வந்துட்டனே" என்கிறார்.

ஜூன் 14, சனி

தையற்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நர்சரிக்குப் போனேன். அவர் காலை பத்துக்கே கிளம்பிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி, சாலையைத் தாண்டி, வேலிப் பக்கம் நின்று பார்த்தேன். என் வயதுக்கு இது தேவையா என்று கேட்டால், தேவைதான்.

புல் பைகளை இரண்டு வரிசையாக அடுக்கி நடுவில் வழி விட்டிருந்தாள் அந்த மரகதம். அந்த வழியில் இவர் நடக்கிறார். கண்ணைத் துண்டால் கட்டியிருக்கிறார்! இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தடவித் தடவி வருகிறார். அவள் பின்னாலேயே வந்து, "இப்ப எங்க நிக்கறீங்க, சொல்லுங்ணா பாக்கலாம்" என்கிறாள். இவர் நரிவாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு "திருப்பத்துல" என்கிறார். "தொட்டி எந்தக் கை?" "வலது. சத்தம் கேக்குது." அவள் கை தட்டுகிறாள்.

கண்ணாமூச்சி. இரண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். பட்டப்பகலில், சாலையோரத்தில்.

உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவர் அப்போது துண்டை அவிழ்த்தார். முகம் முழுக்க ஈரம். வேர்வைதான், வெயில் அப்படி. அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். நான் திரும்பிவிட்டேன்.

திரும்பும்போது ஒரு டூவீலர்க்காரன் இடித்துத் தள்ளப் பார்த்தான். வலப்பக்கத்திலிருந்து எங்கே முளைத்தான் என்றே தெரியவில்லை. "கண்ணு தெரியலையா பெரியம்மா" என்று கத்தினான். ஹார்ன் அடிக்கத் தெரியாதவன் எல்லாம் வண்டி ஓட்டுகிறான்.

ஜூன் 15, ஞாயிறு

வலது முழங்காலில் கோழிமுட்டை அளவு வீக்கம். கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவர் தைலம் தேய்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கணவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஜூன் 18, புதன்

புல் வந்து இறங்கியது. மூன்று நாளாக இவரே குழி வெட்டுகிறார், இவரே நடுகிறார். படிக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சைப்புல். துணிக்கொடி தாண்டித் திரும்புமிடத்தில் இடுப்பு உயரத்துக்கு நரிவால். தொட்டியைச் சுற்றி வெட்டிவேரை இடைவெளியே இல்லாமல் நட்டு, அதற்கு முன்னால் நாணல். மரகதம் ஒருமுறை வந்து பார்த்து, "இன்னும் ஒரு சாண் தள்ளி வெய்யிங்ணா, நடக்கையில சேலை உரசோணும்" என்றாள்.

யார் சேலை?

ஜூன் 22, ஞாயிறு

நான் குளியலறையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் நின்று போனில் பேசினார். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். யாரிடம் என்று தெரியவில்லை, 'ங்க' போட்டுப் பேசினார். இந்த ஊரில் பூனைக்கும் 'ங்க' போடுவார்கள்.

"வலப்பக்கக் கன்னு பாதிக்கு மேல போயிருச்சுங்களா? ... மருந்து ஊத்துனா மிச்சமாச்சும் நிக்குமுங்களா? ... ஒரு வருசமுங்களா? ... சரிங்க. நான் எப்படியாவது சொல்றனுங்க."

கன்னு என்றால் கன்று. செடிக்கன்று. வலப்பக்கத்தில் நட்ட கன்றுகள் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டனவாம். மருந்து வைத்தால் மிச்சம் பிழைக்குமாம். மரகதத்திடம்தான் கேட்டிருக்கிறார். இவ்வளவுதான் விஷயம்.

செடிக்கு மருந்து அடிப்பார்கள், ஊற்றமாட்டார்கள். இவருக்கு எப்போதுமே சொல் சரியாக வராது.

ஜூன் 23, திங்கள்

காலையில் முதல் வேலையாகப் போய் வலப்பக்கக் கன்றுகளைப் பார்த்தேன். குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு கன்று. எல்லாம் பச்சைப்பசேலென்று குருத்து விட்டிருக்கின்றன. ஒன்றுகூடப் போகவில்லை.

இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

ஜூலை 3, வியாழன்

மரகதம் வெட்டிவேர் நுனி கத்தரிக்க வந்தாள். இவர் கடைக்குப் போயிருந்தார். நல்ல சமயம் என்று குழாயடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தா பாரு. எங்க வீட்டுக்காரருக்கும் உனக்கும் என்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்க்கா இப்படிக் கேக்கறீங்க? அண்ணன் எங்கிட்ட புல்லு வாங்கறாரு. வேற என்னத்த வாங்கறாரு?"

"கண்ணக் கட்டிக்கிட்டு வாங்குற புல்லா அது?"

சிரிப்பு நின்றது. கத்தரியைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "எங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க்கா" என்று ஆரம்பித்தவள், "நான் சொல்லக் கூடாதுங்க. அண்ணனையே கேளுங்க" என்று முடித்துவிட்டாள்.

"எப்படித்தான்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். உள்ளே வந்துவிட்டேன்.

பால் பொங்கி வழிந்திருந்தது. பொங்கியதை நான் பார்க்கவில்லை, தீய்ந்த வாடைதான் முதலில் வந்தது.

ஜூலை 11, வெள்ளி

பேப்பரில் வரிகளைக் கலைத்துப் போடுகிறார்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரியைத் தேட வேண்டியிருக்கிறது. ஸ்கேல் வைத்துப் படிக்கிறேன். இன்று இரண்டு பிழைதான் கிடைத்தது. திடீரென்று ஒழுங்காக அச்சடிக்கிறார்கள் போலிருக்கிறது.

குப்பி முட்டைக் குழியில். நான் புளி டப்பாவுக்குப் பின்னால். அவர் முட்டைக் குழியில். ஐம்பது நாளாக இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இந்த விளையாட்டை ஆடுகிறோம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று. துணிக்கொடியில் ஒரு துணி நிற்கவில்லை.

புல் எல்லாம் நன்றாக வளர்ந்துவிட்டது. நாள் முழுக்க அந்த நாணல் பேசிக்கொண்டே இருக்கிறது. நாலைந்து பேர் கூடிக் குசுகுசுவென்று என்னைப் பற்றிப் பேசுவது போலிருக்கிறது. கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. ஒரே ஒரு பூ இல்லை, நிறம் இல்லை. என் ரோஜா ஒன்பதும் இந்நேரம் பூத்திருக்கும்.

புனேயிலிருந்து மகள் மதிவதனி போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "அம்மா, அப்பா சொல்றத ஒரு தடவை கேளும்மா. ஒரே ஒரு தடவை" என்றாள்.

"உங்கப்பா என்ன சொன்னார்? புல்லப் பத்தியா?"

அழுகிறாள். கர்ப்பமாக இருக்கும்போது இப்படித்தான் எதற்கெடுத்தாலும் அழுவாள், இப்போது அதுவும் இல்லை. எல்லாருமாகச் சேர்ந்து எனக்குத் தெரியாமல் என்னவோ செய்கிறார்கள். வீட்டில் எனக்கு மட்டும் கடைசி புரூப்தான் வரும் போலிருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

முழுக்க எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டில் அவர் ஆரம்பித்தார். "வடிவு, நாளைக்கு ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கு..." நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். தட்டுக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி டம்ளர் உருண்டு உடைந்தது. அங்கே டம்ளர் இருப்பதே எனக்குத் தெரியாது. யார் அங்கே வைத்தது என்று கத்தினேன். "நீதான் வெச்சே" என்றார் மெதுவாக. கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே பின்பக்கம் போனேன். இந்தப் புல் வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறு வேலை என்று முடிவு செய்துவிட்டேன். படியில் இறங்கி, கொடியைத் தாண்டி, நரிவாலைத் தாண்டி, நாணலில் கை வைத்தேன். ஒரு பிடி பிடுங்கியும்விட்டேன்.

அப்போது ஒரு காற்று அடித்தது பாருங்கள். பக்கத்து மனையில் கொட்டியிருந்த மணல் அத்தனையும் என் முகத்தில். இரண்டு கண்ணிலும் மணல். திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டுகிறது, எரிகிறது, இமை ஒட்டிக்கொண்டது. சுற்றிச் சுற்றி நின்றதில் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விட்டது. ஒரே இருட்டு. என் வீட்டுப் பின்பக்கத்தில், நாற்பது அடி இடத்தில், நான் தொலைந்துபோனேன். தொட்டி எங்கேயோ காலடியில் இருக்கிறது. மூடியை அவர் மூடினாரா, நான் திறந்தேனா? ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது. என் குரல்தான்.

பயந்துவிட்டேன். எழுதினால்தான் என்ன, பயந்துவிட்டேன்.

அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது கேட்டது. என் வலது காதுப் பக்கம் நாணல். சரசரவென்று ஓயாமல். சத்தம் பன்னிரண்டு. தொட்டி வலது பக்கம். அப்படியானால் நான் இடது பக்கம் போக வேண்டும். ஒரு அடி வைத்தேன். கை நீட்டினேன், மெத்தென்று ஒன்று பட்டது. மெத்து எட்டு. திருப்பம். அதைத் தடவிக்கொண்டே போனேன், ஒன்றன்பின் ஒன்றாக எட்டும் வந்தன. எட்டாவது முடிந்ததும் துணிக்கொடி நெற்றியில் தட்டியது. அதற்கப்புறம் நேரே. சேலை எதிலோ உரசியது, டீக்கடை வாசனை குப்பென்று வந்தது. மணம் ஆறு. குனிந்து தடவினால் கையில் முதல் படி.

நாலு படியையும் தவழ்ந்துதான் ஏறினேன். மேல்படியில் என் கை ஒரு காலில் பட்டது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார். முதலிலிருந்து நின்றிருக்கிறார். ஓடி வந்து பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் இந்தப் புல் எதற்கென்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

உட்காரவைத்து, முகம் கழுவிவிட்டார். கண்ணைத் திறந்தேன். நேர் எதிரே அவர் முகம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஒன்றும் இல்லை. சுவர் இல்லை, கதவு இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று எனக்குத் தெரியும். போன வருஷம் தீபாவளிக்கு முன்பிருந்தே தெரியும்.

"அந்த டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னார்?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் என் முகத்தைத் துடைத்தார். "மருந்து ஊத்துனா இருக்கறது நிக்கும்னாரு. போனது வராது. ஊத்தலீன்னா ஒரு வருசம்."

"ரெண்டு மாசத்த நான் புளி டப்பாவுக்குப் பின்னால வெச்சுட்டேன்."

"சரி உடு."

"எதுக்கு ரோஜாவப் பிடுங்குனீங்க?"

"முள்ளு" என்றார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். மிஷினில் விரல் நசுங்கியபோதுகூட அழாதவர். "துண்டக் கட்டிட்டு நடந்து பாத்தன். அந்த இருட்டுல ஒரு நிமிசம் என்னால நிக்க முடியில. நீ எப்படி நிப்பேன்னுதான்..."

நானும் அழுதேன். இவரையா, இந்த மனுஷனையா நான் வேலிக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தேன். மரகதத்திடம் என்ன கேள்வி கேட்டுவைத்தேன். வெட்கக்கேடு.

"போய் அந்தக் குப்பிய எடுத்துட்டு வாங்க" என்றேன்.

ஓடினார். எடுத்து வந்து, மூடியைத் திறந்து, லேபிளை ஒருமுறை படித்தார். பிறகு என் மோவாயைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தலைய அண்ணாந்துக்க, கண்ணு."

எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

ஜூலை 26, சனி

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே பெட்டி, அதே பெண். "உங்க மிஷின் பழுதில்ல, நான்தான் பழுது" என்றேன். இந்த முறை சிரித்தாள். டாக்டர் பேசியதை முழுக்க உட்கார்ந்து கேட்டேன். பத்து நாளில் ஒரு ஆபரேஷன். இருப்பதைக் காப்பாற்றத்தான், போனது போனதுதான்.

வரும் வழியில் நர்சரியில் இறங்கி மரகதத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்க்கா" என்று ஒரு பை எலுமிச்சைப்புல் கொடுத்தாள். 'பூச்செடிகள்' என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று பிடுங்கிய நாணலை அவர் மறுபடி நட்டுவிட்டார். பிழைத்துக்கொள்ளும்.

சிவப்புப் பேனாவை எடுத்து இந்த நோட்டை முதலிலிருந்து ஸ்கேல் வைத்துப் படித்தேன். ஒரே ஒரு பிழை இருக்கிறது. ஜூன் 22. 'கன்னு என்றால் கன்று' என்று எழுதியிருக்கிறேன். 'கன்னு' என்பதை அடித்து, திருத்தத்தை முறைப்படி ஓரத்தில் எழுதினேன். ஓரம் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் எழுத முடிந்தது. கண்ணு.

ஈரக் கூந்தலோடு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டபோதே அது ணகரமாகத்தான் காதில் விழுந்தது. முப்பத்தொரு வருஷத்தில் நான் தெரிந்தே விட்ட பிழை இது ஒன்றுதான்.